அடுத்தவன் முழங்காலுக்குக் காத்திருப்பது

முதலில் சத்தம்தான் வரும். படம் பிறகுதான். மலையில் இன்டர்நெட் லைன் அப்படி. கைப்பேசியில் ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கால் தரையில் படாமல், அப்படியே உறைந்து நிற்பான். சத்தம் மட்டும் அவனைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆரவாரம், மேலும் ஆரவாரம், பிறகு அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. படம் நகர்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்: யாரோ ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது, அவனுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு வாழ்வு வந்துவிட்டது.

இரண்டாவது ஓட்டக்காரனைப் பொறுக்கி எடுப்பது நிம்மதியாகத் தூங்க விரும்புகிறவர்கள் செய்யக்கூடிய தொழில் இல்லை. நான் எப்படியும் தூங்குவதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், நீளத் தொட்டிகளில் கொட்டிய பச்சை இலையைக் காற்றாடி போட்டு விடிய விடிய வாட வைப்பது என் சம்பள வேலை. அமெரிக்கப் பந்தாட்டம் சம்பளமில்லாத வேலை. அங்கே ஞாயிறு மத்தியானம் என்றால் எனக்கு நடு ஷிப்ட். பந்து முட்டை மாதிரி இருப்பதால் நாங்கள் அதை முட்டைப்பந்து என்போம்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மையான ஆட்டக்காரர்களைப் போனில் ஆளாளுக்குப் பிரித்துக்கொள்வோம். நம் ஆள் நிஜத்தில் எவ்வளவு ஓடுகிறானோ அவ்வளவு புள்ளி நமக்கு. முதல் ஓட்டக்காரர்களை எல்லாரும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற ஸ்பேர் ஆட்களை யாரும் சீண்டமாட்டார்கள். நான் சீண்டுவேன். ஸ்பேர் டயராக வாழ்க்கை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், ஏன் என்று சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

முடியாத ஞாயிறு

இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தது கியா பார்மில் காய்கறிக் கடை வைத்திருக்கும் கமலாவின் தம்பி. அமெரிக்காவில் வேலை. பேச ஆள் இல்லாமல் தவித்து, அக்காவையும் அக்காவுக்குத் தெரிந்த எங்களையும் சேர்த்து ஒரு லீக் திறந்தான். காய்கறி லோரி ஓட்டும் ராஜு சேர்ந்தான். எங்கள் தொழிற்சாலையில் பகல் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அந்தோணி அண்ணன் சேர்ந்தார். விதிகளை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தது நான்தான். எனக்குச் சொல்லிக் கொடுத்தது போனும், பக்கத்தில் வைத்துக்கொண்ட ஒரு பழைய அகராதியும்.

முதல் வாரம் அந்தோணி அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தாவில் பூசை முடித்து, கோயில் வாசலிலேயே நின்று தன் ஆட்களை வரிசைப்படுத்தினார். மத்தியானம் பார்த்தார், பூஜ்யம். சாயங்காலம் பார்த்தார், பூஜ்யம். படுக்கப் போகும்போதும் பூஜ்யம். தம்பி ஏமாற்றுகிறான் என்று முடிவே கட்டிவிட்டார். மறுநாள் காலையில் ஷிப்ட் மாற வந்தபோது ஆட்டம் அப்போதுதான் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. என் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இங்க பூசை முடிஞ்சு, சாப்பிட்டு, படுத்து, எந்திரிச்சு வேலைக்கே வந்துட்டேன். அங்க இன்னும் அதே ஞாயித்துக்கிழமைதானா?"

தூக்கிப் போட்டது

ஸ்பேர் ஆளைத் தேர்ந்தெடுக்க அவனைப் பார்க்கக் கூடாது. அவனுக்கு முன்னால் நிற்கிறவனைப் பார்க்க வேண்டும். வயது ஏறியவனா, போன வருஷம் ஓய்வில்லாமல் ஓடவிட்டார்களா, விழுந்து எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறான், எல்லாம் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்து ஒருவனைப் பிடித்தேன். குள்ளமான ஆள். பெயர் வாயில் நுழையாததால் 'குட்டை' என்று வைத்தோம். அவனுக்கு முன்னால் நின்றவன் மருந்துப் பட்டியோடு ஓடுகிற கிழவன். இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது.

கிழவன் விழவே இல்லை. மழைக்காலம் முழுக்க ஓடினான். நான் குட்டையைப் பெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு மனிதன் நன்றாக இருக்கிறானே என்று வருத்தப்பட்டேன். இப்படி ஒரு வருத்தம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அதுவரை தெரியாது. ஒருநாள் விடிகாலையில் வெறுத்துப்போய் குட்டையை விட்டுவிட்டேன். அடுத்த வாரமே கிழவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. குட்டை ஓடினான் பாருங்கள், எப்படி ஓடுவான் என்று நான் நினைத்தேனோ அப்படியே ஓடினான், கமலாவுக்காக. கடைக்குப் போய்க் கேட்டேன். அவள் தக்காளியில் அடிபட்டதைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"நீங்க தூக்கிப் போட்டதத்தானே அண்ணே எடுத்தேன். இவ்வளவு நாள் வச்சிருந்தவருக்கு இன்னும் ஒரு வாரம் வச்சிருக்கத் தெரியலையேலா."

நட்சத்திரம்

ராஜுவிடம் ஒரு பெரிய ஓட்டக்காரன் இருந்தான். அவனுடைய ஸ்பேர் என்னிடம் இருந்தான். பெரியவனுக்குக் கணுக்கால் வீக்கம், அவன் பெயருக்குப் பக்கத்தில், ஆடுவது 'சந்தேகம்' என்று போட்டுவிட்டார்கள். ராஜு ரிங்லெட் ஊர்க் கோயில் வாசலில் லோரியை நிறுத்திவிட்டு, அவன் பெயரில் ஒரு அர்ச்சனை செய்யப் போகிறேன், துணைக்கு வாங்க என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பூசாரி பெயரைக் கேட்டார். ராஜு சொன்னான். பூசாரி அதை அவருக்கு வந்த மாதிரி தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு, "கால் யாருதா வேணா இருக்கட்டும். நட்சத்திரம் என்ன?" என்றார். ராஜு போனில் பிறந்த தேதியைத் தேடி, அங்கத்து நேரத்தை இங்கத்து நேரமாக மாற்றி, பஞ்சாங்கம் பார்த்து, ஒருவழியாகக் கேட்டை என்று கண்டுபிடித்தான். அர்ச்சனை நடந்தது. ராஜு உருகிக் கும்பிட்டான். அவன் பக்கத்தில் நின்று நான் கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் பெரியவன் இரண்டாவது ஓட்டத்திலேயே விழுந்தான். ராஜு முகம் செத்துப்போனது. எனக்கு ஒரு பக்கம் கூச்சம், ஒரு பக்கம் ஆசை. இனி என் ஆள்தான். ஆனால் அந்த அணிக்காரர்கள் என் ஆளை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வேறு ஒரு அணியிலிருந்து புதிதாக ஒருவனை வரவழைத்து ஓடவிட்டார்கள். அவன் எங்கள் இருவரிடமும் இல்லை. தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே ராஜு சொன்னதற்கு அன்றைக்கு நான் சிரித்தேன்.

"நானும் ஏமாந்தேன், நீங்களும் ஏமாந்தீங்க அண்ணே. வெளிய இருந்து ஒருத்தன் வருவான்னு நம்ம ரெண்டு பேருக்குமே தோணலையே."

கறுப்புத் துணி

எனக்கு வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பகல் வேலை வேண்டும். என் மனைவி ஜெயந்தி பூத்தோட்டத்து வேனில் ஏறும் நேரமும் நான் வீடு திரும்பும் நேரமும் ஒன்று. லைன் வீட்டு வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் எங்கள் குடும்பம். நான் பகலில் தூங்குவதற்காகப் படுக்கையறை ஜன்னலில் ஒரு கறுப்புத் துணி ஆணியில் தொங்குகிறது. ஜெயந்தி அந்த அறையில் வெயிலைப் பார்த்தே பல வருஷம் ஆகிறது.

இந்தத் தொழிற்சாலையில் பகல் மண்டோர் ஒருவர்தான். அந்தோணி அண்ணன். அவருக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. "அந்தோணிக்கு முடியலைன்னா அடுத்தது நீதான்" என்று எங்கள் உதவி மேனேஜரான சின்னத் துரை ஒருமுறை என்னிடம் போகிற போக்கில் சொல்லியிருந்தார். அதை வீட்டில் சொன்னபோது ஜெயந்தி சாவியை என் கையில் வைத்துவிட்டு வேனைப் பார்த்து நடந்தாள். பாதி வழியில் திரும்பினாள்.

"பகல் வேலை கிடைக்கட்டும். உங்ககூட உட்கார்ந்து சண்டை போட எவ்வளவோ பாக்கி இருக்கு."

இரும்புப் படி

மேல்மாடிக்கு வர இரும்புப் படி. தினமும் காலையில் அந்தோணி அண்ணனை நான் முதலில் காதால்தான் பார்ப்பேன். இடது கால் ஓங்கி விழும், வலது கால் இழுபடும். மழை நாளில் இழுப்பு நீளும். நடுவில் ஒருமுறை நிற்பார். பிறகு தலை தெரியும். நேராகத் தொட்டிக்கு வந்து, ஒரு பிடி இலையை எடுத்துக் கைக்குள் உருண்டையாகப் பிடித்துப் பார்ப்பார். ஒரு காம்பை வளைத்துக் காதருகே வைப்பார். முறிகிற சத்தம் கேட்டால் இலை இன்னும் வாடவில்லை என்று அர்த்தம். சத்தமில்லாமல் வளைந்தால் என் முதுகில் தட்டுவார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பேன். பார்வை தானாகக் காலுக்குப் போய்விடும். இன்றைக்குச் சந்தேகம், இன்றைக்குப் பரவாயில்லை என்று மனசு அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளும். பழக்கதோஷம்.

லீக்கில் அவர் ஸ்பேர் ஆட்களை வைத்துக்கொள்வதே கிடையாது. எல்லாம் முதல் ஆட்கள். அவருடைய முக்கியமான ஓட்டக்காரனின் ஸ்பேர் இந்த வருஷம் என்னிடம் இருந்தான். ஒருநாள் காலையில் படியில் வழக்கத்தைவிட நீண்ட நேரம் நின்றுவிட்டு மேலே வந்தவர், அவனைத் தனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார். எதற்குத் திடீரென்று என்றேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துவிட்டுக்கொண்டார். கோபம் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் அவனைக் கொடுத்துவிட்டேன்.

"என் ஆளுக்குப் பின்னால நிக்கிறவனையாவது நானே வச்சிக்கிறேன்டா. எனக்குப் பின்னால நிக்கிறவனைத்தான் ஒண்ணும் செய்ய முடியாது."

புது ஆள்

ஒரு திங்கட்கிழமை, மழை விட்டிருந்தது. ஈர இலை படியெல்லாம் ஒட்டிக்கிடந்தது. பெருக்க ஆள் வரவில்லை. இடது கால் ஓங்கி விழுந்தது, வலது இழுபட்டது. ஓங்கல், இழுப்பு. பிறகு ஏதோ மோதிய சத்தம். அப்புறம் காற்றாடிச் சத்தம் மட்டும். அந்த அமைதியை நான் போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இந்த முறை படம் உறையவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் படிக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி கிடந்தார். கால் மட்டும் உட்காரவில்லை. ராஜுவின் லோரியில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இனி படி ஏறுகிற வேலை ஆகாது என்று டாக்டர் சொன்னார்.

சின்னத் துரை என்னைக் கூப்பிட்டு, இப்போதைக்குப் பகலை நீ பார்த்துக்கொள் என்றார். 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை நான் கவனிக்கவில்லை. ஜெயந்தி கறுப்புத் துணியை இறக்கித் துவைத்துக் கொடியில் போட்டாள். அறையில் வெயில் வந்தது. கட்டிலுக்கடியில் அவ்வளவு தூசி இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. அதைப் பெருக்கிக்கொண்டே அவள் மெதுவாக ஏதோ பாட்டு முனகினாள். அன்றைக்கு நாங்கள் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். சண்டை போடத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் காலையில் கேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கம்பெனியின் வேறு தோட்டத்து மண்டோராம். என்னைவிட இளையவர், மரியாதையாகக் கை கொடுத்தார், இலை எங்கே இருக்கிறது என்று கேட்டார். ராத்திரிக்கு உன்னை மாதிரி ஆள் கிடைக்காது என்று சின்னத் துரை என் தோளைத் தட்டினார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். வீட்டில் சொன்னேன். ஜெயந்தி காய்ந்த துணியை மடிக்காமல் அப்படியே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

அன்றைக்கு மத்தியானம் தூங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தோணி அண்ணன் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துக்கொண்டு போனில் தன் ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். நான் கொடுத்த ஸ்பேர் ஆள் பெஞ்சில்தான் இருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நான் முழுவதும் தின்று முடித்ததும் கேட்டார்.

"இத்தனை வருஷமும் நீ என் காலையே பார்த்துக்கிட்டு இருந்தே. எனக்குத் தெரியாம இல்லை. ஆனா வாசல் கேட்டை யாருடா பார்த்துக்கிட்டு இருந்தது?"

ஆக, விழப்போகிறவனைக் கண்டுபிடிப்பதில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆள் இல்லை, வரப்போகிறவனை மட்டும்தான் எனக்குத் தெரிவதில்லை. புது மண்டோர் இரும்புப் படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி வருகிற சத்தம் கேட்கிறது, முழங்கால் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவர் வந்து பார்ப்பதற்குள் இந்தக் கடைசித் தொட்டி இலையை ஒருமுறை புரட்டிப் போட்டுவிடுகிறேன்.