சந்திரனுக்குப் போன நாலு பேர்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஓர் ஆங்கில நாவலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நாலு பேர் இரும்புக் கப்பலில் ஏறிச் சந்திரனுக்குப் போகும் கதை. சமைத்துக்கொண்டிருந்த மனைவிக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். கப்பல் கிளம்பியதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு பக்கம் பக்கமாக எந்திர விளக்கம் வந்தது, கொட்டாவி விட்டேன்.

"ஏங்க, நாலும் ஆம்பளைங்களா? யாரு சமைக்கிறா?" என்றாள் அவள்.

தேடிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆணியையும் வர்ணித்த ஆசிரியர் சாப்பாட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"அப்ப சுத்தப் பொய்லா! மூடி வைங்க."

எனக்கும் பாதி மனம் அப்படித்தான் இருந்தது. மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரசத்தை ஊற்றியவள் மெல்லக் கேட்டாள்: "திரும்பி வந்தாங்களா, இல்லையா?"

சோறு ஆறினால் ஆறட்டும் என்று புத்தகத்தை எடுத்தேன்.