மந்திரித்த கயிறு

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்ததால், கோயிலில் மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டி அனுப்பினேன். மாலையில் வெறுங்கையோடு வந்தான். கண்டிப்புக்குப் பேர்போன அவன் வகுப்பு டீச்சர் வெட்டிவிட்டாராம். பள்ளியில் கயிறு கட்டக் கூடாதென்பது விதிதான், சாமிக் கயிற்றுக்குமா? மறுநாளே சண்டைக்குப் போனேன்.

“கயித்து நிறத்தப் பாத்துதான் என்ன சாதின்னு பயலுவ முடிவு பண்ணுதானுவ. பேட்டை பஸ்ல வச்சு ஒங்க பையன் கையப் பிடிச்சு முறுக்கியிருக்கானுவ. வெட்டிவிடுங்க டீச்சர்னு அவனேதான் வந்து நின்னான்” என்றார்.

வீட்டில் அவனைக் கேட்டேன். “ஒங்கிட்ட சொன்னா அழுவியேம்மா” என்றான்.

இப்போதும் கயிறு மந்திரித்து வாங்குகிறேன். அவன் கட்டில் காலில் கட்டுகிறேன். காலையில் பஸ் கம்பியைப் பிடித்து ஏறும் அந்த வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.