விரதச் சட்டியில் மாட்டிறைச்சி

நோர்வேயில், புருசெத் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்று மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்க, மற்றது வெள்ளிக்கிழமை விரதத்துக்கு. நோர்வேக்காரருக்கோ வெள்ளிக்கிழமை என்றால் டாக்கோ. மெக்சிக்கோக்காரரின் சாப்பாட்டை அரைத்த இறைச்சியும் வெள்ளரிக்காயுமாக மாற்றி, பாட்டன் காலத்திலிருந்தே தின்பவர்கள் போல வாரம் தவறாமல் தின்றார்கள்.

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. உடம்பில் இரும்புச்சத்து போதாமல், பள்ளிக்கூடப் படியில் மயங்கி விழுந்து முகவாய் நாடி கிழிந்து தையல் போட்டிருந்தது. இரும்புக் குளிசை விழுங்கினால் அவளுக்கு வயிற்றைப் புரட்டியது. மாட்டிறைச்சி கொடுங்கள் என்றார் டாக்டர். பீட்ரூட் கொடு, அதுவும் சிவப்புத்தானே என்றார் என் கணவர். உணவகம் ஒன்றில் நாள் முழுக்க மாட்டிறைச்சி வெட்டிவிட்டு வந்து எனக்குச் சைவம் படிப்பிக்கிற மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு மெக்சிக்கோப் பெண் இருந்தாள். அவளுடைய வீட்டில் இறைச்சியை அரைப்பதில்லையாம். காய்ந்த மிளகாயும் சீரகமும் போட்டு, நார் நாராகப் பிரியும்வரை மெல்லிய நெருப்பில் அவிய விடுவார்களாம். சோள ரொட்டியில் வைத்துத் தேசிக்காய் பிழிந்து கொடு, பிள்ளைக்கு உடம்பில் பிடிக்கும் என்றாள்.

வகுப்புப் பிள்ளைகளைப் போல வெள்ளிக்கிழமைதான் டாக்கோ வேண்டுமென்று மகள் பிடிவாதமாக நின்றாள். வாங்கி வந்த இறைச்சித் துண்டு மச்சச் சட்டிக்குள் அடங்கவில்லை. விரதச் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

அன்றைக்கென்று கணவர் வழமையைவிட வேளைக்கே வந்துவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தார்.

"விரதச் சட்டியிலயோ?"

அடுத்த கணம் சட்டி சுவரில் மோதியது. கொதிகுழம்பு என் கையைப் பொசுக்கியது. மேசையில் காத்திருந்த மகளின் சாப்பாட்டுப் பீங்கானைத் தட்டி உடைத்துவிட்டு, அவள் கன்னத்தில் அறைந்தார். தையல் பிரிந்து இரத்தம் சட்டையில் வழிந்தது.

கையில் கிடைத்த அகப்பையால் அவர் நெற்றியில் அடித்தேன். அவர் என்னைக் குளிர்சாதனப் பெட்டியோடு சேர்த்துத் தள்ளினார். நான் திரும்பவும் அடித்தேன். சத்தம் கேட்டு மேல்வீட்டுக்காரர் தங்கள் நிலத்தில் தட்டினார்கள்.

"அவளிட்டை இருக்கிறதே கொஞ்ச ரத்தம். அதையும் எடுத்துப்போட்டியள்" என்றேன்.

அவர் கை இறங்கியது. அந்த மனிதரை அந்த நேரம் முழு மனதோடு வெறுத்தேன்.

மகள் அழவில்லை. நாடியை ஒரு கையால் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்தி, சிதறிக்கிடந்த இறைச்சி நார்களைப் பொறுக்கி வாயில் போட்டாள். பீங்கான் துண்டு கிடக்கும், கவனம் என்றேன். எழும்பச் சொல்லி அவர் ஓரடி முன்னால் வந்தார். நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அவள் தின்று முடியுமட்டும் அகப்பையைக் கீழே வைக்கவில்லை.