இரண்டு ராணிகளும் அம்மாவின் கட்டைவிரலும்

சிங்கப்பூருக்கு வந்து பதினோரு வருடமாகியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று உண்டு. சீனப் புத்தாண்டுக்கு ஒரு வீட்டுக்குப் போனால் கையில் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோக வேண்டும். கிளம்பும்போது அவர்களும் நம் கையில் இரண்டு ஆரஞ்சைத் திணித்து அனுப்புவார்கள். கொடுத்ததே திரும்பி வருவதற்கு எதற்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று முதல் வருடம் சிரித்தேன். அதைவிட வியப்பு, பழத்தை வாங்கி வைத்த கையோடு அவர்கள் சீட்டுக்கட்டை எடுத்துப் போடுவது. மாமனார், மருமகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசையில். கும்பகோணத்தில் எங்கள் அம்மாவும் சித்தியும் ரம்மி ஆடினால் முதலில் வாசல் கதவைத் தாழிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிடுவார்கள். யாராவது மணி அடித்தால் சீட்டெல்லாம் அரிசி டப்பாவுக்குள் போய்விடும்.

இந்த வருடம் என்னை அழைத்தவள் மெய் லிங். துவாஸில் ஒரே பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறோம். பூன் லேயில் அவள் அப்பா வீட்டில் வருடா வருடம் போக்கர் போட்டி நடக்கும். காசு கிடையாது. எல்லாருக்கும் சம அளவில் பிளாஸ்டிக் வில்லைகள் தருவார்கள். அவை தீர்ந்தால் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவருக்குப் பெரிய பரிசுக் கூடை. உள்ளே நுழைந்து ஆரஞ்சை நீட்டிய என் கை அப்படியே நின்றது. சோபாவில் உட்கார்ந்து அன்னாசி டார்ட் தின்றுகொண்டிருந்தவர் ரகுநாதன். மெய் லிங்கின் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். எனக்கு அவர் இந்த ஊரின் முதல் வீட்டுக்காரர்.

"ஏய், நம்ம வீட்டுல இருந்த பொண்ணுதானே? பார்த்து எத்தனை வருஷம் லா! அம்மா சௌக்கியமா?" என்றார், சிங்கப்பூர் வழக்கப்படி பேச்சில் 'லா' ஒட்டி.

"சௌக்கியம் அங்கிள்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வந்த புதிதில் இதே பூன் லேயில் அவர் வீட்டில் ஒரு அறையில் குடியிருந்தேன். இரண்டாம் வருடம் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வரவழைத்தேன். "டூ வீக்ஸ் தானே, ஓகே லா" என்றார். முதல் சனிக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து ரம்மி ஆடினோம். அம்மா வரிசையாக மூன்று ஆட்டம் அவரை ஜெயித்தாள். கதவைத் தாழிடாத வீட்டில் சீட்டாடி அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஒரு பழக்கம். எனக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. சேராத சீட்டைக் கட்டைவிரலால் இடம் மாற்றிக்கொண்டே இருப்போம். சேர்ந்துவிட்டால் விரல் நின்றுவிடும். மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் ரகுநாதன், "உங்க கை நின்னா சீட்டு சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு, அறை ஒரு ஆளுக்குத்தான் என்று சொல்லி அம்மாவின் பெட்டியை வெளியே வைத்தார். கதவைப் பூட்டிக்கொண்டு போயே போய்விட்டார். மாலையில் நான் திரும்பியபோது அம்மா அடுக்குமாடியின் திறந்த கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை அருகே, பெட்டியைக் கால்களுக்கிடையில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மணி நேரம். அவளுடைய ஃபோன் இங்கே வேலை செய்யாது. கழிப்பறை எங்கே என்று யாரையும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத எனக்கு மனமில்லை. இந்தியர் கடைத்தெருவான தேக்காவில் ஒரு லாட்ஜில் மீதி நாட்களைக் கழித்துவிட்டு ஊருக்குப் போனவள் மறுபடி வரவே இல்லை. இப்போது நான் முழு வீட்டையே வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அம்மாவுக்காக ஒரு அறையில் கட்டில் போட்டு, தேக்காவில் வாங்கிய பூப்போட்ட விரிப்பை விரித்து வைத்திருக்கிறேன். அழைத்தால் முட்டி வலி என்பாள். நீ எப்போது ஊரோடு வருவாய் என்று அவள் கேட்டால், "அந்தாளைத் தலைகுனிய வெக்காம வரமாட்டேன்" என்பேன். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொல்வேன். அம்மாவுக்குத் தெரியும்.

போக்கரில் கையில் இரண்டே சீட்டு; மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து விழும். இரண்டையும் சேர்த்து யாருக்குப் பெரிய ஜோடியோ சேர்க்கையோ அமைகிறதோ, நடுவில் வைத்த வில்லையெல்லாம் அவருக்கு. மற்றவர்கள் சீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு மேசையிலேயே விட்டுவிடுவார்கள். ரகுநாதனும் நானும் மட்டும் ரம்மிக்காரர்கள் மாதிரி கையில் பிடித்திருந்தோம். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை எனக்கு நல்ல சீட்டு வந்தது. இரண்டு முறையும் அவர் என் விரலைப் பார்த்து, வில்லை வைக்காமல் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார். "அம்மா கை அப்படியே இருக்கு லா" என்று மேசைக்கே கேட்கும்படி சொன்னார். அந்த வாயிலிருந்து அம்மா என்ற சொல் வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொருவராக வெளியேறி, வெயில் தாழ்வதற்குள் நாங்கள் இருவர்தான் மிச்சம். என்னைவிட அவரிடம் நாலைந்து வில்லைதான் குறைவு. சீட்டைத் தூக்கினேன். இரண்டு ராணி. ஐந்து சீட்டு விழும் முன்பே சேர்ந்துவிட்ட ஜோடி. விரல் தானாக நிற்கப் பார்த்தது. நிறுத்தவில்லை. இடது ராணியை வலது பக்கம் தள்ளினேன், வலது ராணியை இடது பக்கம். ஒன்றுக்கும் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு தவிக்கிறவள் மாதிரி உதட்டையும் கடித்தேன். அவர் என் கையையே பார்த்தார். "இன்னும் ஓடுதே" என்று சிரித்து, தன் வில்லைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினார். அவர் கை மேசையை விட்டு எடுபடும் முன் நான் சம்மதம் சொல்லி ராணிகளைத் திருப்பிப் போட்டேன். அவரிடம் ஓர் ஏஸும் ஒரு ஜாக்கியும். மேசையில் ஒன்பது, நாலு, இரண்டு விழுந்தன. நாலாவதாக ஜாக்கி விழுந்தபோது அவருக்கும் ஜோடி சேர்ந்தது. இன்னொரு ஜாக்கியோ ஏஸோ வந்தால் நான் தொலைந்தேன். கடைசிச் சீட்டு ஆறு. ஜாக்கியைவிட ராணி பெரிது; ஆட்டம் எனக்கு.

"கை ஓடிக்கிட்டேதானே இருந்துச்சு?" என்றார் அவர், நம்பாமல்.

"ஆமா அங்கிள். ஓட வெச்சேன். நீங்க பெட்டியை வெளியில வெச்சுக் கதவைப் பூட்டினீங்களே, அவங்க கை இது. ஏழு மணி நேரம் கல்லுல உக்கார்ந்திருந்தாங்க."

"ரூல் லா அது..." என்றார். தலை தானாகக் குனிந்து அன்னாசி டார்ட் தட்டைப் பார்த்தது. எங்கள் தமிழ் புரியாத மெய் லிங்கின் அப்பா, நான் பெரியவரை வணங்கி வாழ்த்துச் சொல்வதாக நினைத்துக் கைதட்டினார். வீடே சேர்ந்து தட்டியது. எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் என்னைப் பொல்லாதவள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். "ரெண்டு ராணியா? அந்தாள் மூஞ்சி எப்படிடி போச்சு?" என்று கேட்டுக் கேட்டு மூன்று முறை சொல்ல வைத்தாள். அந்தச் சனிக்கிழமைச் சிரிப்பு ஒன்பது வருடம் கழித்து ஃபோனில் வந்தது. சிரித்து ஓய்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "சரி. அதான் தலைகுனிய வெச்சிட்டியே. எப்ப வர்ற?" என்றாள்.

கோபத்துக்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்று நானே நம்பியிருந்தேன் போலிருக்கிறது. கோபம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் எனக்கு இந்த வீட்டை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"நீ இங்க வாயேன்மா" என்றேன்.

"அந்த ஊருக்கா?" என்றாள் அம்மா.

முட்டி வலியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு ஃபோனை வைத்தோம். மெய் லிங் கொடுத்தனுப்பிய இரண்டு ஆரஞ்சும் மேசைமேல் இருந்தன. ஒன்றை உரித்துத் தின்றேன். மற்றதை அந்த அறைக்குக் கொண்டுபோய், யாரும் படுக்காத கட்டிலின் தலைமாட்டில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தபடியே விட்டு வந்தேன்.