மீற்றர்த் தட்டு நிற்காத சனிக்கிழமை

எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் மீது குற்றம் சுமத்தப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மூன்று மாதமாகக் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போனது. அப்பா சித்தாண்டியில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தார். எந்த இயந்திரம் எவ்வளவு தின்னும் என்று தெரிந்தவர். வீட்டில் அப்படித் தின்னக்கூடியது பிரிட்ஜ் ஒன்றுதான் என்று முடிவு கட்டி, அடுத்த பில்லும் இப்படியே வந்தால் அதை விற்றுவிடுவதாகச் சொன்னார். அம்மா அந்தப் பிரிட்ஜில்தான் இனிப்புத் தண்ணீரைச் சிறு பைகளில் உறையவைத்து ஐஸ் பக்கட் செய்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்றுவந்தார். தனக்கென்றிருந்த ஒரே வருமானம் போகப்போகிறது என்று தெரிந்தும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே பிரிட்ஜுக்காக நானே வாதாடத் தீர்மானித்தேன். நாளுக்கு ஓர் ஐஸ் பக்கட் எனக்கும் கிடைத்துவந்தது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

இன்று கட்டடங்களில் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்வது என் தொழில். அதைத் தொடங்கியது அந்தக் கிழமையில்தான். ஒரு கொப்பியில் கோடு போட்டு, காலையிலும் மாலையிலும் மீற்றர் எண்ணை எழுதினேன். அடுத்த பக்கத்தில் வீட்டிலிருந்த பல்ப் ஐந்து, மின்விசிறி இரண்டு, தொலைக்காட்சி, அயன் பெட்டி, கிணற்று மோட்டார், பிரிட்ஜ் எல்லாவற்றையும் வரிசையாகக் குறித்தேன். எப்படிக் கூட்டினாலும் மீற்றர் ஓடிய அளவு வரவில்லை.

அம்மா ஏறாவூர்ச் சந்தைக்குப் போயிருந்த சனிக்கிழமை காலை, அப்பாவை மீற்றருக்கு முன்னால் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக அணைத்தேன். கடைசியில் பிரிட்ஜின் பிளக்கையும் கழற்றினேன். மீற்றருக்குள் சுற்றும் தட்டு இப்போது நின்றிருக்க வேண்டும். அதன் ஓரத்திலிருந்த சிவப்புக் கோடு பின்னால் போய் மறைந்து, நிதானமாகத் திரும்பி வந்தது. மறுபடியும் வந்தது.

"எல்லாத்தையும் நூத்துட்டியா மகள்?"

"ஓம் அப்பா. பிரிட்ஜையும்தான்."

இருவரும் தேடினோம். குசினியில் அரிசி மூட்டைக்குப் பின்னால், நான் அறியாத ஒரு பிளக் குத்தியிருந்தது. அதன் வயர் ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே போனது. எங்கே போகிறது என்று பார்க்கப் பொறுமையில்லாமல் பிடுங்கிவிட்டு மீற்றரிடம் ஓடினேன். தட்டு நின்றிருந்தது. அப்பா என் தலையில் கை வைத்து, ஆலைக்கு வருகிற எஞ்சினியர்மாரும் இப்படித் தேட மாட்டார்கள் என்றார். நான் கொப்பியில் "குற்றவாளி பிடிபட்டது" என்று தலைப்புப் போட்டு அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

அப்போது பின்வளவிலிருந்து சித்தி ஓடிவந்தார். சித்தி அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். சித்திக்கென்று பின்வளவில் எழும்பிய வீடு, சுவரோடு நின்றுபோயிருந்தது. ஓர் அறைக்கு மட்டும் தகரம் போட்டிருந்தார்கள். பாம்பு இருக்கிறது என்று சொல்லி என்னை அங்கே விடுவதில்லை.

"ஆருகா வயரக் கழட்டினது? முட்டையெல்லாம் குளிரப்போகுது" என்று வந்தவர், அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டார்.

அப்பா அந்த அறைக்குள் போனார். நானும் போனேன். பாம்பு இல்லை. ஒரு மரப்பெட்டியும், அதற்குள் இரண்டு குண்டு பல்ப்பும், ஐம்பது முட்டைகளும் இருந்தன. இரவும் பகலும் பல்ப்பை எரியவிட்டுக் குஞ்சு பொரிக்கவைத்து விற்று, சித்தி தன் வீட்டுக்குச் சீமெந்து வாங்கிக்கொண்டிருந்தார். வயர் கொடுத்தது அம்மா.

"அக்காவ ஏசாதீங்க அத்தான். நான்தான் கேட்டன்" என்றார் சித்தி.

அப்பா பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். பொரிக்க இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். மூன்று நாள் என்றதும், தானே போய்ப் பிளக்கைத் திரும்பக் குத்தினார். பிரிட்ஜை எல்லோரும் மறந்துவிட்டோம். அம்மா வந்து பார்த்தபோது ஐஸ் பக்கட் பாதி உருகியிருந்தது.

கண்டுபிடிப்பு கைநழுவிப்போன கவலையில் கிடந்த எனக்கு அன்று மாலை ஒரு யோசனை வந்தது. எங்கள் தெருவுக்கு வரும் மீன்காரர் ஐஸ் கட்டியை உமிக்குள் புதைத்து வைத்திருப்பார். வெளிச் சூட்டை உள்ளே விடாத உமி, உள்ளே இருக்கும் சூட்டை மட்டும் வெளியே விடுமா? அப்பாவிடம் கேட்டேன். அவர் உடனே ஆலைக்குப் போய் ஒரு மூட்டை உமியோடு வந்தார். பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் உமியை அடைத்தோம். சித்தி வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து ஒரு பல்ப்பை அணைத்தார். சூடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு குஞ்சுகள் வந்தன. நான் இரண்டு தரம் எண்ணினேன். எத்தனையோ பெரிய கட்டடங்களை அளந்துவிட்டேன், அந்த நாற்பத்திரண்டுக்கு நிகரான பெருமை இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்த பில் இறங்கியது, பிரிட்ஜ் தப்பியது. பில் வந்த அன்று அம்மா, சித்தியின் பல்ப்புக்கு வரும் பங்கை ஐஸ் பக்கட் காசில் தந்துவிடுவதாக மெதுவாகச் சொன்னார்.

"அது எங்கட வீட்டுச் செலவுதானே" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. கொப்பியை விரித்து, சித்தியின் வீடு வேறு, எங்கள் வீடு வேறு, கணக்குப் பிழை என்று எல்லோருக்கும் முன்னால் திருத்தினேன்.

"பிழையாவே இருக்கட்டும் மகள்."

அப்பா சிரித்தார். அம்மாவும் சித்தியும் சிரிக்கவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு கொப்பியை மூடினேன். அம்மாவின் கலியாணத்துக்கு முன் எங்கள் வீட்டை ஓடு போட்டு முடித்துத் தரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் அப்பாவின் வீட்டார் என்பதையும், அன்று எங்கள் தலைக்கு மேலிருந்த ஓடுகளில் பாதி, சித்தியின் வீட்டுக்கென்று வாங்கி அடுக்கியிருந்தவை என்பதையும் அப்போது எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.