ஒற்றைக்கால் ஷூக்கள்

தமிழினி வீட்டில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறவள். ஆம்பூரில் இப்படிச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. மீதிப் பேர் வேலை கிடைக்காத பெண் என்று எடுத்துக்கொள்வார்கள். அவளுடைய அப்பா வேலாயுதம் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். ஷூ கம்பெனியில் சேம்பிள் ரூம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் விழவில்லை.

அவரைப் பகலில் பார்த்துக்கொள்ளப் போகிறவள் நான். பெயர் சவுரியம்மாள். நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்தவள். எனக்குச் சம்பளம் கொடுப்பது தமிழினி. அதைப் பற்றி அவர் வாய் திறந்ததே கிடையாது.

அதற்காக எனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்றும் இல்லை. நோயாளி சாப்பிட வாங்கிய சக்கர மேஜையை லேப்டாப் வைக்க எடுத்துக்கொண்டாள். கேட்டால், "அவரு சாப்புடறது அரை மணி நேரம், சிஸ்டர். மீதி நேரம் மேஜை சும்மாதானே நிக்குது?" என்பாள். குடித்த டீ கப்பை மருந்துத் தட்டிலேயே வைப்பாள். அந்த வீட்டில் நெட் கூடத்தில் மட்டும்தான் ஒழுங்காக வரும். அவருடைய கட்டிலும் கூடத்தில்தான். ஆகவே நாள் முழுக்கச் சண்டை.

திங்கட்கிழமை அவள் ஃபோனில் வேலை பேசிக்கொண்டிருந்தபோது அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அவள் காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். அவர் இன்னும் கூட்டினார்.

"அந்த லேப்டாப் பொட்டிய மூடு. உன் பேச்சுல டிவி கேக்கல."

"ஃபுல் வால்யூம்ல இருக்குது. இதுக்கு மேல வச்சா பேர்ணாம்பட்டுல இருக்கறவன் வந்து அடிப்பான்."

"கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன். பேக்கிங் செக்ஷன்ல கம்ப்யூட்டர் என்ட்ரி. வேன் தெரு முனைக்கே வரும். ஐடி கார்டு மாட்டிக்கினு போனா நாலு பேரு பாப்பான்."

"நாலு பேரு பாக்கறதுக்கு நான் இன்னா தேரா?"

"பேசு, பேசு. இந்தக் கடை வேலை ஊத்திக்கட்டும், அப்ப பாக்கறேன்."

"ஊத்திக்கிச்சுன்னா அடுத்த திங்கக்கிழம நானே வேன்ல ஏறறேன். ஊத்திக்கலன்னா இந்தப் பேச்ச நீ எடுக்கவே கூடாது. சிஸ்டர், நீங்க சாட்சி."

நான் மாத்திரை கொடுக்க வந்தவள். சாட்சி சொல்ல வரவில்லை. ஆனால் இருவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள்.

கடை என்று சொன்னது ஆபித் பாஷாவின் ஷூ கடையை. ஏற்றுமதிக் கம்பெனிகளில் கழித்துவிட்ட ஷூக்களை மொத்தமாக எடுத்து பஜாரில் விற்கிறவர். அவற்றை வெளியூர்க்காரர்களும் வாங்குகிற மாதிரி ஒரு வெப்சைட் செய்யும் வேலை தமிழினிக்குக் கிடைத்திருந்தது. இது சரியாக நடந்தால் பஜாரில் மற்ற கடைக்காரர்களும் வருவார்கள். நடக்காவிட்டால் வேன். அந்த வாரம் அவளுக்கு இருந்தது அவ்வளவுதான்.

வேலையில் சோம்பேறி என்று அவளைச் சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது ஒரு கையில் தோசைக் கரண்டி, காதில் பாட வகுப்பு. கார்டில் கட்டிய பணத்தைப் பொருள் வாங்கியவனுக்கே பத்திரமாகத் திருப்பி அனுப்புவது எப்படி என்று எவனோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தான். தோசை தீய்ந்தது. வகுப்பை நிறுத்தவில்லை. தீய்ந்ததை அப்பாவுக்கு வைத்தாள். அவர் தட்டைத் தள்ளினார். "அப்ப பட்டினி கெட" என்று சொல்லிவிட்டு அடுத்ததை நன்றாக ஊற்றி வைத்தாள்.

மதியம் சாப்பிடும்போது நூலகத்துப் புத்தகம் படிப்பாள். அந்த வாரம் கடற்கொள்ளைக்காரர்களைப் பற்றியது. "படிச்சி கிழிச்சது போதாதா?" என்று அவர் கேட்டார். "இவங்கல்லாம் எதிரிய கடல்ல தள்ளி விட்டுடறாங்கப்பா. எனக்கு பாலாறுதான் இருக்குது, அதுலயும் தண்ணி கம்மி" என்றாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு ஷஹீன் பானுவோடு மாடியில் ஷட்டில் ஆடுவாள். இருவரும் மேலே குதிக்கிற சத்தத்துக்கு இவர் கீழே கிடந்து திட்டுவார். அவருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று நான் போய்ச் சொன்னேன். "மாத்திரை இருக்குதுல்ல?" என்று கேட்டுவிட்டு சர்வீஸ் போட்டாள்.

புதன்கிழமை வெப்சைட் திறந்தது. மாலைக்குள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. அவள் ஃபோனைக் கொண்டுவந்து அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். காட்டவேண்டும் என்கிற ஆசை இல்லை, தோற்கடிக்கவேண்டும் என்கிற ஆசை. அவர் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். ஒரு பழுப்பு நிற ஷூவின் படத்தை விரலால் பெரிதாக்கி, குதிகால் பக்கம் வெகுநேரம் பார்த்தார். பாதி முகத்தால் சிரித்தார்.

"நல்லாருக்குது. வித்துக்கோ."

அவள் செய்த எதையும் அவர் நல்லாருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஏதோ சரியில்லை என்று நினைத்தேன். ஆனால் அது என் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஆபித் பாஷா நேராக வீட்டுக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கையில் கடையிலிருந்து எடுத்து வந்த ஒரு ஷூ டப்பா.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க? மெட்ராஸ்காரன் ஃபோன் போட்டு கேக்கறான், ஒரு கால் வந்துருச்சு பாய், இன்னொரு கால் ரம்ஜானுக்கு வருமான்னு!"

டப்பாவைத் திறந்து கட்டில்மேல் கவிழ்த்தார். ஒரே ஒரு ஷூ விழுந்தது. வலது கால்.

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். வெளிநாட்டு வியாபாரிக்குக் காட்ட அனுப்புகிற சேம்பிள் ஷூவை இங்கே சேம்பிள் ரூமில் அனேகமாக ஒரு காலுக்குத்தான் தைப்பார்கள். பார்ப்பதற்கு ஒன்று போதும், இன்னொன்று தோல் தண்டம். வியாபாரி வேண்டாம் என்றால் அந்த ஒற்றை ஷூக்கள் கழிவு மூட்டையோடு பஜாருக்கு வந்துவிடும். அதனால்தான் இந்த ஊரில் ஷூ வாங்கப் போகிறவர்கள் விலை கேட்கும் முன்னால் "ஜோடி இருக்கா பாய்?" என்று கேட்பார்கள். எல்லாரும் கேட்பதால் எந்தக் கடைக்காரரும் தானாகச் சொல்வதில்லை. வெப்சைட்டில் வாங்கிய சென்னைக்காரனுக்குக் கேட்கத் தெரியுமா? ஆபித் பாஷாவின் தம்பி ஜான் பாஷா குடோனில் ஒற்றைகளையும் டப்பாவில் போட்டு ஜோடிகளோடு அடுக்கியிருந்தார். இந்த ஊர்ப் பெண், ஷூக்காரர் மகள், அவளே பிரித்துக்கொள்வாள் என்று அவர் விட்டுவிட்டார். கடைக்காரர் பிரித்துத்தான் கொடுத்திருப்பார் என்று இவள் விட்டுவிட்டாள். டப்பாவுக்கு ஒரு ஷூவை மேலாக எடுத்து, தாளுக்கு அடியில் பார்க்காமல் படம் பிடித்து ஏற்றிவிட்டாள். கடையிலும் ஆர்டர் வந்த டப்பாக்களைத் திறந்து பார்க்காமல் அன்றிரவே கூரியரில் போட்டுவிட்டார்கள்.

"உங்க தம்பி சொல்லல பாய்."

"உனக்கு சொல்லணுமா? நீ ஆம்பூர்ல பொறந்தியா, அமெரிக்காவுல பொறந்தியா? என் பேரே பேஜாராப் போச்சு!"

கட்டிலில் வேலாயுதம் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"ஒரு கால் இல்லாதவனா பாத்து வித்துடும்மா" என்றார். "குதிகால் ஓரத்துல சேம்பிள் ரூம் சீல் இருக்குது. நான் புதன்கிழமையே பாத்தேன்."

ஆபித் பாஷாவே ஒரு நிமிடம் கோபத்தை மறந்து அவரைப் பார்த்தார்.

"பாத்தியா?" என்றாள் தமிழினி.

"பாத்தேன். வேன்ல ஏறறேன்னு நீதானே சொன்ன?"

அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த ஷூவை எடுத்து அவருடைய வலது காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "உனக்கு அளவா இருக்குது. வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு ஆபித் பாஷாவிடம் திரும்பினாள். "சைட்ட இப்பவே நிறுத்தறேன் பாய். வாங்கினவங்க எல்லார்கிட்டயும் நானே பேசறேன். நாளைக்கு குடோனத் தொறந்து விடுங்க."

"தொறந்து விட்டா?"

"ஒவ்வொரு டப்பாவா பாக்கணும். ரெண்டு காலும் ஒரே படத்துல, அடிப்பக்கமும் தெரியணும். அப்படி இல்லாதத சைட்டே வாங்கிக்காத மாதிரி எழுதறேன்."

"எழுது, எழுது. இன்னொரு ஒத்த கால் போச்சு, உன்ன பஜார்ல நிக்க வச்சு கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை ஷட்டில் இல்லை. ஃபோனில் அவள் திட்டு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே நான் அவருக்குக் கஞ்சி கொடுத்தேன். பெங்களூர்க்காரி ஒருத்தி போலீஸ் என்றாள். இவள் கெஞ்சவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. தப்பு எங்களுடையது, பணம் திரும்ப வந்துவிடும் என்று எல்லாரிடமும் ஒரே வார்த்தைகளில் சொன்னாள். வீட்டில் மட்டும் ஏன் இந்த வாய் வருவதில்லை என்று தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்கக் குடோனில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஜோடி ஷூக்களை மட்டும் போட்டு சைட்டை மறுபடி திறந்தார்கள் என்றும், சாயங்காலத்துக்குள் சேலத்துக்காரர் ஒருவர் வாங்கினார் என்றும் ஷஹீன் பானு பிறகு சொன்னாள். ஆபித் பாஷா பாராட்டவில்லையாம். குடோன் மூலையில் ஒரு மேஜையைக் காட்டி, "இனிமே இங்க உக்காந்து பண்ணு. டப்பாவ கண்ணால பாத்துக்கிட்டே பண்ணு" என்றாராம்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது தமிழினி லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். தெரு முனையில் வேன் ஹாரன் அடித்தது. வேலாயுதம் ஏற்கெனவே ஃபோன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

"போ. சொன்ன சொல்லு" என்றார்.

"நான் சொன்னது ஊத்திக்கிச்சுன்னா. ஊத்திக்கல. சாயங்காலம் வரைக்கும் பஜார்ல இருப்பேன்."

"குடோன்ல மூட்டைக்கு நடுவுல உக்காருவியா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"அங்க யாரும் டிவி போட மாட்டான்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேனைத் தாண்டிப் போனாள். வேன் மறுபடி ஹாரன் அடித்தது. நான் தெரு முனை வரை போய் டிரைவரிடம், "வரமாட்டா. நாளைக்கும் வந்து அடிக்காதீங்க, நோயாளி இருக்கற வீடு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

"உங்கள யாரு சொல்லச் சொன்னது?" என்றார்.

"நீங்கதான் சாட்சியா வச்சீங்க."

கோபத்தில் மதியம் வரை என்னோடு பேசவில்லை. வழக்கமாகப் பேசிக்கொண்டே விழுங்கிப் புரையேறுகிறவர். அன்று இட்லி முழுவதும் ஒழுங்காக இறங்கியது.