நான் சொல்லாமல் விட்ட வரி

பன்னிரண்டு வயதில் எனக்கிருந்த கர்வத்தை இன்று நினைத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. எல்லாம் இங்கிலீஷால் வந்தது. அடுகோடியில் எங்கள் சந்துத் தமிழ்ப் பிள்ளைகளில் கான்வென்ட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். கோலார் தங்கச் சுரங்கத்தை விட்டு வந்து லேத் பட்டறையில் சேர்ந்திருந்த அப்பா, வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷ் பேப்பரில் நாலு வரி வாசிக்கச் சொல்வார். வந்தவர்கள் காபி ஆறும்வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த மாதம் பிரசங்கம் செய்ய வந்தவர் நாகாலாந்துக்காரர், வேதாகமக் கல்லூரி மாணவர். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளும் வேதப் பகுதிகளை வாரத்துக்கு ஒன்றாக விளக்கினார். தமிழ் தெரியாது. அவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்ல, பெரியப்பா பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்வார். மூன்றாவது வாரம் பெரியப்பா மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். "நம்ம பாப்பா எதுக்கு இருக்கா?" என்றார் அப்பா.

அன்றைக்குத்தான் சித்தியும் வந்தாள். அம்மாவின் தங்கை, தொம்மலூரில் இருந்தாள். வீட்டை எதிர்த்து ஓர் இந்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவள். அவள் மகனுக்கு நாலு வயதாகியும் நடக்க வரவில்லை. இது அவள் செய்த பாவத்தின் பலன் என்று சபையில் அவள் காதுபடவே பேசினார்கள். அதனால் சபைக்கு வருவதையே நிறுத்தியிருந்தாள். "இன்னிக்கு நீ கட்டாயம் வரணும், உனக்குன்னே பேசறாங்க" என்று அம்மாதான் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தாள். சித்தி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜமுக்காளத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்து, இவன் இப்படிப் பிறந்தது யார் செய்த பாவம், இவனுடையதா பெற்றவர்களுடையதா என்று சீஷர்கள் இயேசுவைக் கேட்ட இடம்தான் அன்றைய பகுதி. அதுவரை வெளுத்துக்கட்டினேன். அவர் கையைத் தூக்கினால் நானும் தூக்கினேன், குரலைத் தாழ்த்தினால் தாழ்த்தினேன். பிறகு அவர் இயேசு சொன்ன பதிலுக்கு வந்தார். மூச்சுவிடாமல் ஒரு நீள வாக்கியம். எனக்கு நடுவிலேயே நூல் அறுந்துவிட்டது. முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலில் நின்றபடி, "சொல்லு, சொல்லு" என்று தலையாட்டினார்.

ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் நான் பத்துக் கட்டளைகளை ஒப்பித்துப் பரிசு வாங்கியிருந்தேன். பாவம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து எடுத்துவிட்டேன். பெற்றவர்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைவரைக்கும் கர்த்தர் விசாரிப்பார் என்று, விரலை நீட்டி, மளமளவென்று. "ஆமென்! ஸ்தோத்திரம்!" என்று வீடே அதிர்ந்தது.

அந்த ஆமெனைக் கேட்டுப் பிரசங்கியாருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. என் பக்கம் குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார். "நோபடி சின்ட். டெல் தெம். நோபடி."

யாரும் பாவம் செய்யவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் இங்கிலீஷ். எனக்கும் நன்றாகவே புரிந்தது. ஆனால் அதைச் சொன்னால் இப்போது சொன்னது தப்பென்று ஆகிவிடும், அத்தனை ஆமெனும் வீணாகிவிடும். அவ்வளவு பேர் முன்னால் அசடு வழிய எனக்கு மனம் வரவில்லை. "எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்றேன். அவர் சொன்னதைத்தான் சொன்னேன் என்று நம்பி, எல்லாரும் கண்ணை மூடுவதைப் பார்த்து அவரும் மூடிக்கொண்டார், பாவம்.

கூட்டம் முடிந்து காரா பன்னும் டீயும் கொடுத்தோம். ஆளாளுக்கு என் கன்னத்தைத் தடவினார்கள். சித்தி எதையும் தொடவில்லை. சமையலறை மூலைக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பாப்பா, அந்த அண்ணன் மெய்யாலுமே அப்டித்தான் சொன்னாரா? நல்லா யோசிச்சு சொல்லுடி."

என் இங்கிலீஷைச் சந்தேகப்படுகிறாள் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஆமா சித்தி. அப்டியேதான் சொன்னாரு."

"கடைசியா குனிஞ்சு ஏதோ சொன்னாரே?"

"ஜெபம் பண்ணலாம்னு சொன்னாரு."

அவள் என்னை நம்பினாள். எனக்கு வெட்கம் தாங்காமல் போவது அந்த நம்பிக்கையை நினைக்கும்போதுதான். பயத்தில் உளறியதை மன்னித்துக்கொள்ளலாம். முகத்தைப் பார்த்து, இரண்டு தரம் கேட்டவளிடம் இரண்டு தரமும் பொய் சொன்னேனே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அதற்குப் பிறகு சித்தி வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். ஆள் பாதியாகிப் போனாள். என் மொழிபெயர்ப்பைக் கேட்டு எங்கள் சித்திக்குப் பக்தி வந்துவிட்டது என்று ஞாயிறு பள்ளியில் நான் பெருமையடித்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தொம்மலூர் போயிருந்தபோது, எதற்கு இப்படிப் பட்டினி கிடக்கிறாய் என்று அவளையே கேட்டேன். இடுப்பில் இருந்த தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தம்பிக்கு நான் செஞ்சதுக்குதான்" என்றாள்.

காலையிலிருந்து ராத்திரிவரை அவனைத் தூக்கிச் சுமப்பதைத் தவிர அவள் வேறென்ன செய்தாள் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.